கலை, டிசைன் மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியம், சிற்பம், விஷுவல் கம்யூனிகேஷன், டெக்ஸ்டைல் டிசைன் படிக்கும் பிள்ளைகளை வேலையிடங்களுக்கு அனுப்பி வைப்பது பல வருடங்களாக என் பொறுப்பு. ஜனவரி பிறந்துவிட்டால் என் அறை வாசலில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். கேட்பது பெரும்பாலும் அதே கேள்விகள்தான். சில சமயம் அப்பா அம்மாவும் கூடவே வந்து கேட்பார்கள். வேறு ஊர்க் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கும் உதவட்டும் என்று தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்து இங்கே பதில்களை எழுதியிருக்கிறேன்.

இன்டர்ன்ஷிப், அப்ரண்டிஸ், டிரெய்னி எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே சில வாரங்களோ மாதங்களோ ஒரு வேலையிடத்தில் இருந்து கற்றுக்கொள்வது இன்டர்ன்ஷிப். கல்லூரி அனுப்பி வைக்கும், மதிப்பெண்ணோ கிரெடிட்டோ கொடுக்கும். அப்ரண்டிஸ் என்பது 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வருவது. ஒப்பந்தம் பதிவாகும், குறைந்தபட்ச உதவித்தொகை உண்டு. டிரெய்னி என்பது கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைக்கிற பெயர். அந்தப் பெயரில் கடிதம் வந்தால் கையெழுத்துப் போடுமுன் முழுக்கப் படியுங்கள்.

நான் ஓவியம் படிக்கிறேன். இதெல்லாம் டிசைன் படிக்கிறவர்களுக்குத்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு கொண்டையா ராஜு ஞாபகம் வந்துவிடும். இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கும் சென்னைக் கலைப் பள்ளியில் படித்தவர் அவர். பிறகு கோவில்பட்டியில் தேவி ஆர்ட் ஸ்டுடியோ நடத்தினார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டர்களாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. அந்தச் சீடர்கள் தொழிலைக் கற்றது ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான்.

அந்தப் பள்ளியே 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கியது. தொழிற்கலைகளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்த இடம் அது. 1966-ல் அதன் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடன் இருந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கினார்கள். பத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணம்தான் அவர்களுக்குக் கைகொடுத்தது. ஓவியத்துக்கும் பிழைப்புக்கும் நடுவில் சுவர் இருக்கிறது என்று நம் ஊரில் யாரும் நினைத்ததில்லை.

சரி, இன்றைக்கு ஓவிய மாணவர் எங்கே போகலாம்? ஆர்ட் கேலரிக்குப் போனால் படத்தை எந்த உயரத்தில் மாட்டுவது, வெளியூருக்கு எப்படிக் கட்டி அனுப்புவது, விலைப் பட்டியல் எப்படித் தயாராகிறது என்பதெல்லாம் தெரியும். பழைய பொருட்களைப் பாதுகாப்பதில் ஆர்வம் இருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ரசாயனப் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது. கல்லூரி வழியாகக் கடிதம் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். குழந்தைகள் புத்தகம் போடும் பதிப்பகங்களும் இருக்கின்றன.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பது? பெரிய பெயராகப் பார்த்துப் போகலாமா?

நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அங்கே நீங்கள் யார் பக்கத்தில் உட்காரப் போகிறீர்கள்? வேலை தெரிந்த ஒருவர் கை எட்டும் தூரத்தில் இருந்தால் மூன்று பேர் மட்டுமே இருக்கிற சின்ன ஸ்டுடியோ போதும். அப்படி யாரும் இல்லையென்றால் எத்தனை மாடிக் கட்டடமாக இருந்தாலும் இரண்டு மாதம் வீண். இதை நேர்காணலிலேயே மரியாதையாகக் கேட்டுவிடலாம்: "சார், நான் யாரிடம் ரிப்போர்ட் பண்ணணும்? அவர் தினமும் ஆபீஸ் வருவாரா?"

நம் ஊரில் பிள்ளைகள் எட்டிப் பார்க்காத நல்ல இடங்கள் நிறைய இருக்கின்றன. மூன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சிவகாசி. கிராஃபிக் டிசைன் படிக்கிறவர் ஒரு தடவையாவது ஆஃப்செட் அச்சு மெஷின் பக்கத்தில் நிற்க வேண்டும். திரையில் பளீரென்று தெரிந்த நிறம் தாளில் ஏன் மங்கிப் போகிறது என்பதை வகுப்பில் நான் மூன்று மணி நேரம் விளக்கினாலும் மனதில் நிற்காது. மெஷின்மேன் அச்சான ஷீட்டை விளக்கடியில் விரித்து, லென்ஸை வைத்து, "பாரு தம்பி, மெஜந்தா அரை நூல் தள்ளியிருக்கு" என்று காட்டினால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால்தான் அது படம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களை ஆடிப்பெருக்கு அன்று வெளியிடுவது அங்கே வழக்கம். அதற்கு முந்தைய மாதங்களில்தான் டிசைன் வேலை மும்முரமாக இருக்கும். உங்கள் கோடை விடுமுறையும் அப்போதுதான்.

காஞ்சிபுரம். டெக்ஸ்டைல் மாணவர்கள் கணினியில் அழகாக பார்டர் வரைந்து வருவார்கள். தறியில் அது ஓடுமா என்று கேட்டால் பதில் இருக்காது. கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டையும் குறுக்கே ஓடும் ஊடை நூலில் கோத்து நெய்வதற்கு, அந்த நூலைக் கொண்டுபோகும் நாடாக்கள் மூன்று ஓட வேண்டும், பக்கத்தில் உதவிக்கு இன்னொரு ஆளும் வேண்டும். நீங்கள் கிராஃப் தாளில் நிரப்பும் ஒவ்வொரு கட்டமும், தறியில் டிசைனை வரவைக்கும் ஜக்கார்டு அட்டையில் ஒரு ஓட்டையாக மாறுகிறது. ஒரு கட்டம் தப்பினால் அந்தத் தப்பு புடவை முழுக்க வந்துகொண்டே இருக்கும். காஞ்சிபுரத்தில் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. முதலில் அங்கே போய்ப் பேசுங்கள். தனியாக நெசவாளர் வீட்டுக்குப் போவதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவருக்குத் தறி நிற்கும் நேரம். அதற்கு என்ன ஈடு என்று கல்லூரியிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

சுவாமிமலை. சிற்ப மாணவர்களுக்கு இதற்கு மேல் ஒரு பள்ளிக்கூடம் கிடையாது. தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் பிடிக்கிறார்கள். ஓலையை மடித்து மடித்துத்தான் அளவு எடுப்பார்கள். சிலை எத்தனை உயரமோ அத்தனை நீளத்துக்கு ஓலையை நறுக்கி, தாளம் என்ற சிற்ப அளவு முறைப்படி பாகம் பிரிப்பார்கள். முகத்துக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனை என்று அந்த ஒரே ஓலை சொல்லிவிடும். அப்புறம் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவார்கள். முதல் வாரம் உங்களை மண் பிசையத்தான் சொல்வார்கள். சந்தோஷமாகப் பிசையுங்கள். தமிழ்நாடு அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகாருக்கு அங்கே உற்பத்தி மையம் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம்.

மற்ற இடங்கள்: முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகம், புத்தகப் பதிப்பகங்கள், விளம்பர நிறுவனங்கள், ஆப், வெப்சைட் திரைகளை வடிவமைக்கும் (யுஐ டிசைன்) சாஃப்ட்வேர் கம்பெனிகள், அனிமேஷன் ஸ்டுடியோக்கள். பதிப்பகத்துக்குப் போவதாக இருந்தால் பொங்கலை ஒட்டி வரும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு முந்தைய மூன்று மாதங்கள் நல்ல காலம். அட்டைகள் நாள்தோறும் வந்து விழும்.

சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட்டில் சேர முடியுமா?

முடியும், ஆனால் நேரே செட்டுக்குள் போக முடியாது. செட்டில் வேலை செய்பவர்கள் பெஃப்சி என்ற சினிமாத் தொழிலாளர் சம்மேளனத்தில் இணைந்த சங்கங்களின் உறுப்பினர்கள். அந்த ஒழுங்கை மதிக்க வேண்டும். கலை இயக்குநரின் அலுவலகத்தில் ஸ்கெட்ச் போடுவது, ஒரு காலகட்டத்தின் போஸ்டர், கடைப் பலகை, சாமான்கள் எப்படி இருந்தன என்று தேடித் தொகுப்பது போன்ற வேலைகள் மாணவர்களுக்குக் கிடைக்கும். என்னைக் கேட்டால் அந்தத் தேடல் வேலைதான் அங்கே பெரிய படிப்பு.

எத்தனை நாள் செய்ய வேண்டும்?

உங்கள் கல்லூரி விதிதான் முதல் பதில். பொதுவாக, பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்று கணக்கு. அது தாளில் இருக்கும் கணக்கு. ஆறு வாரத்துக்குக் குறைந்தால் யாரும் உங்களை நம்பி ஒரு வேலையை முழுதாகக் கொடுக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம்.

போர்ட்ஃபோலியோவில் என்ன வைக்கலாம்?

எட்டு முதல் பன்னிரண்டு வேலைகள். அதில் ஒன்றுக்காவது ஆரம்பக் கிறுக்கல் முதல் கடைசி வடிவம் வரை எல்லாவற்றையும் காட்டுங்கள். தள்ளிவிட்ட யோசனைகளையும் வையுங்கள். பார்ப்பவருக்கு உங்கள் திறமையைவிட நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பதுதான் வேண்டும். இன்டர்நெட்டில் கிடைத்த டெம்ப்ளேட்டில் பெயரை மாற்றி வைத்ததை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தமிழ் எழுத்தில் ஒரு வேலையாவது இருக்கட்டும். நம் பிள்ளைகளின் போர்ட்ஃபோலியோக்களில் பத்தில் ஒன்பது பக்கம் ஆங்கில எழுத்தாக இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். தமிழ் எழுத்தை அழகாக அடுக்கத் தெரிந்தவர் இங்கே எந்த ஸ்டுடியோவுக்கும் தேவைப்படுகிற ஆள்.

இருபது மெயில் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை.

இருபது பேருக்கும் ஒரே மெயிலை அனுப்பினீர்களா? அதுதான் காரணம். அவர்கள் செய்த ஒரு வேலையைப் பார்த்து, அதில் உங்களுக்குப் பிடித்த ஒரு விஷயத்தை இரண்டு வரியில் எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தக் கல்லூரி, போர்ட்ஃபோலியோ லிங்க். அவ்வளவு போதும். ஒரு வாரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டலாம். சிவகாசி, கும்பகோணம் மாதிரி ஊர்களுக்கு மெயிலே வேண்டாம். துறைத் தலைவரின் கடிதத்தோடு நேரில் போய் நில்லுங்கள்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் டிசைனை மூன்று நிமிடத்தில் தமிழில் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். தமிழில் தெளிவாகச் சொல்ல வந்துவிட்டால் ஆங்கிலத்தில் தேவையான ஐம்பது வார்த்தைகள் வேலையிடத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஸ்டைபெண்ட் (உதவித்தொகை) தருவார்களா? சும்மா வேலை பார்க்கச் சொன்னால் போகலாமா?

சில இடங்களில் தருகிறார்கள், பல இடங்களில் தருவதில்லை. மாணவர் இன்டர்ன்ஷிப்புக்கு இவ்வளவு என்று சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் கணக்கு இது: உங்கள் கையால் ஆன வேலையை அவர்கள் வாடிக்கையாளருக்கு விற்கிறார்கள் என்றால் பணம் கேட்பது உங்கள் உரிமை. நீங்கள் கற்றுக்கொள்வதற்காக அவர்கள் நேரம் செலவழிக்கிறார்கள் என்றால் பஸ் செலவும் சாப்பாடும் கேளுங்கள். வெளியூரில் தங்கி, வாடகையும் கொடுத்து, இரண்டு மாதம் ஒரு பைசா வாங்காமல் இருப்பது வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளால் மட்டும்தான் முடியும். அது நியாயமில்லை என்று நிறுவனங்களிடம் நானே பேசியிருக்கிறேன். பேசினால் கேட்கிறார்கள். பத்து இடங்களில் பேசினால் நாலு இடங்களிலாவது ஏதோ ஒரு தொகைக்குச் சம்மதிப்பார்கள்.

இன்டர்ன்ஷிப் தருகிறோம், இவ்வளவு கட்டுங்கள் என்று உங்களிடமே பணம் கேட்டால் அங்கே போகாதீர்கள்.

அரசுத் திட்டங்கள் எதுவும் இல்லையா?

இருக்கின்றன, ஆனால் அவை படித்து முடித்தவர்களுக்கானவை. நாட்ஸ் என்ற தேசிய அப்ரண்டிஸ் பயிற்சித் திட்டம் பட்டமோ டிப்ளமோவோ முடித்தவர்களுக்கு. 2019-ல் திருத்திய விதிகளில் பட்டதாரிக்கு மாதம் குறைந்தபட்சம் 9,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். தென் மாநிலங்களுக்கான அலுவலகம் தரமணியில் இருக்கிறது. 2024-ல் தொடங்கிய பிரதம மந்திரி இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். ஆனால் முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர் அதில் சேர முடியாது என்பது அப்போதைய விதி. ஆகவே கல்லூரியில் இருக்கும்போது இவற்றை நம்பிக் காத்திருக்க வேண்டாம். கடைசி செமஸ்டரில் திரும்பிப் பாருங்கள்.

நாள் முழுக்க படத்தின் பேக்ரவுண்டை வெட்டச் சொல்கிறார்கள். இதற்கா ஐந்து வருடம் படித்தேன்?

நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். மாணவனாக இருந்தபோது ஒரு விளம்பர நிறுவனத்தில் ஏழு வாரம் பிரஷர் குக்கர் படங்களையே வெட்டிக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு வாரம் அது எனக்கு நல்லதுதான் செய்தது. கை நிதானமானது, விசில் பக்கத்து வளைவில் ஒளி எப்படித் திரும்புகிறது என்று கண் பழகியது. மூன்றாவது வாரத்திலிருந்து கற்றுக்கொள்ள அதில் எதுவும் இல்லை. கேட்கத் தைரியம் வராமல் மீதி நாட்களையும் கழித்தேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கும்.

அதனால் இரண்டு வாரம் பொறுங்கள். பிறகு, "இந்தப் படங்கள் போய்ச் சேரும் விளம்பரத்தின் லேஅவுட் மீட்டிங்கில் நான் ஓரமாக உட்காரலாமா?" என்று கேளுங்கள். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லாமல், அதே வேலையின் அடுத்த படியைக் காட்டச் சொல்லிக் கேட்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். நாலாவது வாரமும் மாற்றம் இல்லையென்றால் கல்லூரிப் பொறுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அவர் பேச வேண்டிய இடம் அது.

ஒரு பெரிய தப்பு செய்துவிட்டால்?

உடனே சொல்லுங்கள். நேரம் ஆக ஆகச் செலவு கூடும். என் மாணவி ஒருத்தி கோவில் கும்பாபிஷேக அழைப்பிதழ் ஒன்றை வடிவமைத்து, எழுத்துகளை அவுட்லைன் ஆக்காமல், அதாவது ஃபான்ட் இல்லாமலே தெரியும் வடிவங்களாக மாற்றாமல், பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டாள். அங்கே அந்த ஃபான்ட் இல்லை. ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகச் சிதறிவிட்டது. பிளேட் போடுமுன் அவளாகவே புரூஃப் கேட்டு வாங்கிப் பார்த்து, அலறிக்கொண்டு ஓடிப் போய்ச் சீனியரிடம் சொன்னாள். அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார்கள். மறைத்திருந்தால் ஆயிரம் அழைப்பிதழ்கள் குப்பைக்குப் போயிருக்கும். தமிழ் வேலை அனுப்பும்போது அவுட்லைன் ஆக்கிய பிரதி ஒன்று, திருத்தக்கூடிய பிரதி ஒன்று என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்கு முன் தாளில் எடுத்து, வாய்விட்டுப் படியுங்கள்.

அங்கே நான் வரைந்தது யாருக்குச் சொந்தம்?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி படைத்தவரே முதல் உரிமையாளர். ஆனால் பணி ஒப்பந்தத்தின் கீழோ அப்ரண்டிஸாகவோ செய்த வேலைக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் உரிமை முதலாளிக்குப் போகும் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. கல்லூரி அனுப்பிய இன்டர்ன் அந்த வரையறைக்குள் வருவாரா என்பது வழக்குக்கு வழக்கு மாறக்கூடிய விஷயம். ஆகவே முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். உரிமை அவர்களுக்கே போனாலும், நான்தான் வரைந்தேன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57-ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது.

நடைமுறையில் பிரச்சினை வருவது போர்ட்ஃபோலியோவில்தான். வெளியாகாத வேலையை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டு மாட்டிக்கொள்வார்கள். வெளியான பிறகு, அனுமதியோடு, "இந்தக் குழுவில் நான் செய்த பகுதி இது" என்று குறிப்பிட்டுப் போடுங்கள்.

பெண்ணைத் தனியாக வெளியூர் அனுப்பப் பயமாக இருக்கிறது. (பெற்றோர் கேட்பது)

உங்கள் பயம் நியாயமானது. போய்வரும் நேரம், தங்குமிடம், பொறுப்பானவரின் பெயர், போன் நம்பர் இவை நாலும் கல்லூரிக் கோப்பில் இருக்க வேண்டும். இல்லாமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. ராத்திரி ஷிஃப்ட் இருந்தால் வண்டி ஏற்பாடு பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சட்டமும் துணைக்கு இருக்கிறது. வேலையிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சி பெறுபவர், அப்ரண்டிஸ் எல்லோரையும் சேர்த்துத்தான் பணியாளர் என்கிறது. சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு உண்டு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சின்ன ஸ்டுடியோ என்றால் மாவட்ட அளவில் இருக்கும் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிப்பார்கள். பிள்ளைகளுக்கு நான் சொல்வது: மனதுக்கு உறுத்தினால் அன்றே கிளம்பி வந்துவிடுங்கள். மதிப்பெண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன்.

தினமும் டைரி எழுதச் சொல்கிறீர்களே, கட்டாயமா?

கட்டாயம். பக்கம் பக்கமாக எழுத வேண்டாம். இன்று யார் என்ன செய்வதைப் பார்த்தேன், என் வேலையில் எதைத் திருத்தச் சொன்னார்கள், எந்த வார்த்தை புதிதாகக் காதில் விழுந்தது. இந்த மூன்றும் போதும். சுவாமிமலையிலிருந்து வந்த ஒரு பையனின் நோட்டில் எழுத்து கொஞ்சம்தான், மீதியெல்லாம் உளிகளின் படம். ஒவ்வொன்றின் முனையும் எந்த வேலைக்கு என்று அம்புக்குறி போட்டிருந்தான். அந்த நோட்டை இப்போது ஜூனியர்கள் ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

முடித்துக் கிளம்பும்போது என்னென்ன வாங்கி வர வேண்டும்?

தேதியும் நீங்கள் செய்த வேலையும் குறிப்பிட்ட சான்றிதழ், லெட்டர்ஹெட்டில், கையெழுத்தும் சீலும் வைத்து. எந்த வேலைகளை வெளியே காட்டலாம் என்று ஒரு மெயில். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவரின் சொந்த நம்பர். புத்தக வேலை என்றால் பதிப்பு விவரங்கள் இருக்கும் இம்ப்ரின்ட் பக்கத்தில் உங்கள் பெயர் வருகிறதா என்று புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன்பே கேளுங்கள், வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. அச்சகம் என்றால் நீங்கள் வேலை செய்ததில் ஒரு முழு ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். வெட்டாத ஷீட், ஓரத்தில் நாலு நிறக் கட்டங்களும் இருக்க வேண்டும். மடிக்காமல் சுருட்டிக் கொண்டு வாருங்கள்.